ஆட்டத்தை யார் நிறுத்துவது?

கலா, தினேஷ், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் தினேஷ் பாதியில் போனை எடுத்துவிடுவான்.

போன வாரம் கலா கேட்டாள். அவள் பாடம் எடுக்கிற பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிற பொறுப்பை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். "அப்பா, நாடகத்துல எத்தினி வகை இருக்குதுன்னு புஸ்தகத்துல ஒரு பக்கம் போட்டிருக்காங்க. படிச்சா பேருதான் நிக்குது, வேற ஒண்ணும் நிக்கல. நீங்க நாப்பது வருஷம் அதுலயே கெடந்தீங்களே, எழுதிக் குடுங்க" என்றாள். அதே வாரம் தினேஷ் தன் ஸ்டேட்டஸில் ஒரு வீடியோ வைத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆரணிக் கல்யாண மண்டபத்தில் நடந்த நாடகத்தில் நான் லுங்கியோடு மேடைக்குள் போகிற வீடியோ. கீழே "எங்க அப்பாதான் ஹீரோ" என்று எழுதியிருந்தான்.

தினேஷ், அந்த வீடியோ நான் உள்ளே நுழைகிற இடத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. கலாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் அவள் கேட்டதும் உனக்குச் சொல்ல வேண்டியதும் ஒரே இடத்தில் வந்து முட்டுவது தெரிந்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒரு நாளும் வேஷம் கட்டியதில்லை. திரை பிடித்தேன், கயிறு இழுத்தேன், ஆணி அடித்தேன், வேஷக்காரர்களுக்கு உடுப்பு இறுக்கினேன். பக்கவாட்டில் நின்றவனுக்கு நாடகத்தின் முகம் தெரியாது, விலாதான் தெரியும். அங்கிருந்து பார்த்தபோது ஒவ்வொரு வகை நாடகத்திலும் நான் முதலில் கவனித்தது ஒரே விஷயம். ஏதாவது ஒன்று தப்பாகப் போனால் இந்த ஆட்டத்தை யார் நிறுத்துவது, எப்படி நிறுத்துவது? ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்துவது, தொடங்குவதைவிடப் பெரிய வேலை.

முதலில் கூத்து. எங்கள் ஊர் தேவிகாபுரம் போகிற வழியில். நிலம் கிடையாது. அறுப்பு முடிந்தால் வீட்டில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கூத்துக்குப் போனால் ஆறு மாதம் சோறு கிடைக்கும் என்று ஏழுமலை வாத்தியாரின் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சேர்ந்தேன். வேலை கற்றுக்கொண்டது மூன்று வருஷம், சொல்வதற்கு மூன்று வரி போதும். பெட்டி தூக்கினேன். பிறகு திரையின் ஒரு முனையைப் பிடித்தேன். பிறகு உடுப்புக் கட்டினேன்.

கூத்தில் திரை என்பது இரண்டு ஆள் கையில் பிடிக்கிற ஒரு துணி. அதற்குப் பின்னால் ராஜா நின்று பாடுவார், அதை விலக்கினால் சபை. அவ்வளவுதான் கட்டடம். அங்கே ஆட்டத்தை நிறுத்துகிற அதிகாரம் கட்டியங்காரனுக்கு. கோமாளிதான், ஆனால் ராஜாவையே "யோவ்" என்பான். ஒருமுறை பழைய பகையை மனதில் வைத்துக்கொண்டு ஒருத்தன் குடித்துவிட்டுக் கதிர் அரிவாளோடு சபைக்குள் வந்துவிட்டான். ராஜா வேஷத்தின் மேல்தான் அவனுக்குக் கோபம். பாட்டு நின்றது. கட்டியங்காரன் அவன் குறுக்கே போய்ச் சலாம் வைத்தான். "வா மச்சான், ஜல்தியா வா! அறுப்புக்கு ஆளு இல்லன்னு ராஜா இப்பத்தான் பேஜார் ஆயிகினு இருந்தாரு. கூலி பேசிட்டியா, நான் பேசட்டுமா?" சனங்கள் சிரித்த சிரிப்பில் அந்த ஆள் அரிவாளைத் தானே கீழே வைத்தான். கட்டியங்காரன் குரல் கடைசிவரை மாறவில்லை.

அடுத்தது சீன் நாடகம். டவுனில் இருந்த ஒரு சபாவில் கயிற்று வேலைக்குச் சேர்ந்தேன். தர்பார், காடு, தெரு என்று படுதாவில் எழுதி, மூங்கிலில் சுருட்டி மேலே தொங்கவிட்டிருப்பார்கள். ஆர்மோனியக்காரர் ராகம் எடுக்கும்போது நான் காட்டை ஏற்றித் தெருவை இறக்க வேண்டும். அங்கே நிறுத்துகிற கை என் கைதான். விசில் கேட்டால் முன் திரையை விட்டுவிடுவேன். பபூன், அதாவது கோமாளி, திரைக்கு வெளியே போய் ஒரு பாட்டு பாடுவார். ஒருநாள் காட்டு சீனின் மூங்கில் முறிந்து பாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலைக்குமேல் தொங்கியது. ஒரு மூச்சில் திரை கீழே. சனங்களுக்கு இடைவேளை என்றுதான் தெரியும்.

அப்புறம் சமூக நாடகம் வந்தது. ரைஸ் மில்லில் வேலை செய்கிறவர்களே எழுதிப் பொங்கலுக்குப் போடுவார்கள். ராஜா ராணி போய்விட்டார்கள். மேடையில் ஒரு வீடு, மூன்று சுவர், கதவு, நாற்காலி, மேசைமேல் டெலிபோன். நம் வீட்டில் பேசுவது மாதிரியே பேசுவார்கள். அதனால் நடுவில் திரையை இறக்கினால் அசிங்கம். யாராவது வசனத்தை மறந்து முழித்தால் நான் பின்னாலிருந்து மணி அடிப்பேன். அவர் போனை எடுத்து, "அப்படியா, அப்பாவுக்கா, இதோ வரேன்" என்று உள்ளே ஓடி வந்துவிடுவார். ஒரே நாடகத்தில் மூன்று முறை ஒருத்தருடைய அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததும் உண்டு.

பிறகு வீதி நாடகம். எழுத்தறிவுப் பிரசாரத்துக்காகத் தேசூர் பக்கத்து ஊர்களில் எல்லாம் சுற்றினோம். மேடை இல்லை, திரை இல்லை, எனக்கு வேலையும் அதிகம் இல்லை. சனங்கள் வட்டமாக நிற்பார்கள், நாங்கள் நடுவில். பஸ் வந்தால் வட்டம் பிரியும், போனால் மறுபடி சேரும். அங்கே நிறுத்துகிறது பார்க்கிற சனங்களே. "நிறுத்துப்பா, நீ சொல்றது தப்பு" என்று ஒரு அம்மா உள்ளே வந்து நின்றுவிடுவார். அதற்கும் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.

கடைசியாகத்தான் நவீன நாடகம். கலாவின் புத்தகத்தில் இதற்கே அரைப் பக்கம் இருக்கும். எனக்கு அது மேடம் வழியாகத்தான் தெரியும்.

மேடம் வெளியூரிலிருந்து வந்த டைரக்டர். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, குரலே எழாது. எங்கள் பக்கத்துக் கூத்தான "பட்டம்மா கட்டு" கதையைப் புது மாதிரி செய்ய வந்தார். ராஜாவுக்காக நடுவில் அறுக்காத ஒரே நீளத் துணி நெய்த நெசவுக்காரப் பெண் பட்டம்மா. துணியோடு அவளையும் கேட்கிறான் ராஜா. மாட்டேன் என்கிறாள். அவள் நெய்த துணியாலேயே அவளைக் கட்டச் சொல்லி ராஜா தன் படைத்தலைவனான தளவாயை அனுப்புகிறான். கட்டுப்பட்ட இடத்திலேயே அவள் அம்மனாகிறாள். தளவாய் வேஷத்துக்கு ஏழுமலை வாத்தியாரையும், பட்டம்மாவுக்குத் தேசூர்ப் பெண் மலர்விழியையும் எடுத்தார். மலர் காலேஜ் படித்தவள், எங்களோடு வந்த பிறகு கூத்தின் அடவும் தாளமும் படித்தாள். கயிற்றுக்கு நான்.

மேடம் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்னால் வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடை முழுக்கக் குனிந்தபடியே நடப்பார். ஆணி, குண்டூசி, கண்ணாடிச் சில்லு எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தன் துப்பட்டா முனையில் முடிந்துகொள்வார். "வெறுங்கால்ல ஆடுறாங்க இல்ல" என்பார். யாரையும் பாராட்ட மாட்டார், யாரையும் திட்ட மாட்டார். "இன்னொரு முறை" என்பார். பதினைந்தாவது தடவையும் அதே குரல். டீ நேரத்தில் வெளிநாட்டுக் கதையெல்லாம் சொல்வார். முகமூடி போட்டுத் திறந்த வெளியில் ஆடியவர்கள், மேடையும் வீடும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள், பார்க்கிறவன் அழக்கூடாது, யோசிக்க வேண்டும் என்றவர்கள். ஜப்பானில் எங்களைப் போன்ற ஆட்கள் கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு மேடையிலேயே நடமாடுவார்களாம், சனங்கள் அவர்களைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்களாம். "சம்பளம் ஒழுங்கா குடுப்பாங்களா மேடம்?" என்றேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

ஏழுமலைக்கு ஆரம்பத்திலிருந்தே இது ஒட்டவில்லை. கிரீடம் இல்லை, தோளில் புஜக்கட்டை இல்லை, கறுப்புப் பேண்டும் பனியனும். "இன்னா ரத்தினம் இது, தளவாய் மாதிரியா கீறேன்? எக்ஸ்ரே எடுக்க வந்தவன் மாதிரி நிக்க வெச்சிருக்குது அந்தம்மா" என்பார்.

விவகாரம் கற்பூரத்தில் வந்தது. எங்கள் கூத்தில் கட்டுகிற காட்சிக்கு முன்னால் ஒரு முறை உண்டு. தளவாய் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பட்டம்மா வேஷத்தின் காலடியில் கற்பூரம் கொளுத்துவார். "தாயே, வேஷத்துக்காகச் செய்றேன், மனசுல வெச்சுக்காத" என்று கும்பிட்ட பிறகுதான் துணியைத் தொடுவார். தொட்ட பிறகு அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். காலை மட்டும்தான் பார்ப்பார். ஏழுமலை நாற்பது வருஷமாக அப்படித்தான்.

மேடம் கற்பூரம் வேண்டாம் என்றார்.

"கற்பூரம் ஏத்தினா பார்க்கிறவங்க கை கூப்புவாங்க. கை கூப்பினவங்க தப்பிச்சுடுவாங்க. நாம ஒண்ணும் பண்ணலையேன்னு வீட்டுக்குப் போயிடுவாங்க. இந்தக் காட்சியில ஒருத்தரும் தப்பிக்கக் கூடாது. ஒரு பொண்ணைக் கட்டுறாங்க, நாம உக்காந்து பாத்துட்டு இருக்கோம்னு அவங்களுக்கு உடம்பு கூசணும்."

அந்தப் பேச்சு எனக்கு நியாயமாகவே பட்டது. இப்போதும் படுகிறது.

ஏழுமலை எழுந்து நின்றார். "மேடம், நீங்க படிச்சவங்க. ஆனா அது எனக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கிற விஷயம். அத்த எடுத்துட்டா நான் இன்னாத்த நம்பி அவ மேல கை வெக்கறது?"

"என்னை நம்பி வைங்க, ஐயா" என்றார் மேடம்.

மலரும் சொன்னாள், "வாத்தியாரே, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வுடுங்க." அவர் விட்டுவிட்டார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கற்பூரத்தட்டைக் கொண்டுபோய் வைப்பது யார்? திரைக்காரன், அதாவது நான். கூத்தில் துணியை அவள் உடம்பில் முன்னாலேயே சுற்றிவிடுவதும் நான்தான், தளவாய் முனையைப் பிடித்து இழுப்பதோடு சரி. தட்டை வைக்கக் குனிந்து நிமிரும்போது துணிக்கும் பட்டம்மாவின் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்ப்பேன். விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கற்பூரம் எரிகிற நேரத்துக்குள் தளர்த்திவிடுவேன். பட்டம்மா வேஷக்காரர் கண்ணை மூடித் திறந்தால் சரி என்று அர்த்தம். கும்பிடுகிற சனங்களுக்கு அது தெரியாது. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. அன்றைக்கு அரை மணி நேரம் கற்பூரத்தைப் பற்றிப் பேசினோம். விரலைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டியவன் நான் ஒருத்தன்தான்.

ஏன் பேசவில்லை? அதற்கு முந்தின வாரம், ஒத்திகை நடுவில் கயிற்றைச் சரிசெய்ய நான் மேடைக்குள் போனேன். மேடம் அதே மெல்லிய குரலில், "ரத்தினம் ஐயா, இந்த நாடகத்துல நீங்க இல்ல. எது நடந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டி வராதீங்க" என்று சாக்பீஸால் போட்ட கோட்டைக் காட்டினார். பத்துப் பேர் பார்க்கச் சொன்னது உறைத்துவிட்டது. சொன்னால்தானே வம்பு, ஒத்திகையில் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிட்டேன்.

ஒத்திகை எல்லாம் பருத்தித் துணியில். நாடகத்தன்று காலையில்தான் பட்டு வந்தது. கதையில் வருகிற மாதிரியே அறுக்காத துணி வேண்டும் என்று மேடம் கேட்டிருந்தார். தறிக்காரர் சம்பந்தம் அண்ணன் தறியிலேயே அறுக்காமல் நாலு சேலை நீளம் நெய்து இறக்கிக் கொடுத்தார். அரக்கு நிறம், இரண்டு பக்கமும் ஜரிகை. கூடத்தில் அதை விரித்தபோது எல்லாரும் செய்த வேலையை விட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். "முப்பது வருஷத்துல இத்தினி நீளம் கத்தி படாம வெச்சதே இல்ல" என்றார் அண்ணன். நாடகத்துக்கு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார், வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாணப் பெண்ணின் தகப்பன் மாதிரி.

பருத்தி வைத்த இடத்தில் நிற்கும், பட்டு வழுக்கும். பட்டு ஊரில் முப்பது வருஷம் குடியிருக்கிறேன். வீட்டில் உங்கள் அம்மா நூல் சுற்றுகிறாள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அதை யோசிக்கவில்லை.

காட்சி இப்படி. துணியை மலரின் இடுப்பில் இரண்டு சுற்று, மார்பின் குறுக்கே ஏற்றித் தோளில் ஒரு சுற்று. ஒரு முனை ஏழுமலை கையில். மற்ற முனை மேலே கட்டிய கப்பி வழியாக இறங்கிப் பக்கவாட்டில் என் கையில். நான் இழுத்தால் துணி கூரை வரை எழும்பும். நான் தளர்த்தினால் அவர் இழுக்க வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. நடுவில் அவள் திணறுவாள். பின்னாலிருந்து மத்தளமும் இரண்டே அடிப் பாட்டும்.

இழைக்கு இழை எண்ணி நெய்தேனே
எனக்கென ஒரு முழம் நெய்தேனா

இதை மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு தடவை பாட வேண்டும். முன் திரை கிடையாது. விளக்கு போடுகிறவர் மண்டபத்தின் கடைசியில். மேடம் மூன்றாவது வரிசைக்குப் பக்கத்தில் தரையில்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அந்தக் காட்சி வந்தது. மண்டபம் நிறைய ஆள். முதல் தடவை பாட்டு தொடங்கியது. இழுத்தோம். துணி எழும்பியது. அந்த அழகைப் பார்த்து ஒரு "ஆ" கேட்டது. மலர் கையால் துணியைப் பிடித்துத் திமிறினாள். ஒத்திகையிலும் அப்படித்தான். வாயைத் திறந்தாள். அதுவும் ஒத்திகையில் உண்டு. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

மேடம் அவளுக்குச் சொல்லியிருந்தது, பார்க்கிறவர்களின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று. ஒரு ஒத்திகையிலும் அவள் என் பக்கம் திரும்பியதில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மேடம் மத்தியானம் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். நல்லா இருக்குதே என்றுகூட நினைத்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. முதல் தடவைப் பாட்டு, இரண்டு அடியும், அப்படியே போனது.

இரண்டாம் தடவை தொடங்கியபோது அவள் இடது கால் தரையில் தட்டியது. மறுபடி தட்டியது. மத்தளத்தோடு சேரவில்லை. கூத்துக்காரன் வசனத்தை மறப்பான், பாட்டை மறப்பான், தன் பெயரையே மறப்பான், தாளத்தை மட்டும் கால் மறக்காது. மலருக்குத் தாளம் தப்பி நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் துணியைப் பார்த்தேன். தோளில் இருந்த சுற்று தோளில் இல்லை. வழுக்கி மேலே ஏறிக் கழுத்தில் கிடந்தது, ஜரிகைக் கரை உள்ளே வெட்டிக்கொண்டு.

கை தானாகவே முனையைத் தளர்த்தியது. தளர்த்தினால் என்ன பேச்சு? அவர் இழுக்க வேண்டும். ஏழுமலை காலைப் பார்த்தபடியே ஒரு சுண்டு இழுத்தார். மலர் கால் பெருவிரல் நுனியில் நின்றாள்.

"வாத்தியாரே!" என்று கத்தினேன். மத்தளத்தில் அது கேட்கவில்லை. முன் திரை இல்லை, விடுவதற்கு. மேசையும் டெலிபோனும் இல்லை, மணி அடிப்பதற்கு. சனங்களைப் பார்த்தேன், உள்ளே வந்து நிறுத்துவார்கள் என்று. அவர்கள் மேடம் கேட்டுக்கொண்ட மாதிரியே உடம்பு கூசி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டைத் தாண்டினேன். ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துப் பிடுங்க முடியாது. என்னைப்போல் இரண்டு ஆள் அவர். ஆவேசத்தில் இருந்தார். அந்த உடம்பு யார் சொன்னால் கேட்கும்? ஒரே ஒருத்தன் சொன்னால்தான் கேட்கும். குரலை மூக்கில் ஏற்றி, கட்டியங்காரன் வருகிற மாதிரி ஒரு காலைத் தூக்கிப் போட்டுக் கத்தினேன்.

"யோவ் தளவாய்! ஒரு பொம்பளையக் கட்டறதுக்கு ஊரு தறிய எல்லாம் இஸ்துகினு வந்துட்டியே, உன் வேட்டி அவுந்து கெடக்குதே, அத்தக் கட்டினியாய்யா?"

ஏழுமலை போட்டிருந்தது பேண்ட். ஆனால் நாற்பது வருஷமாகக் கட்டியங்காரன் வேட்டியைப் பற்றிச் சொன்னால் தளவாயின் கை எங்கே போகும்? இரண்டு கையும் துணியை விட்டுவிட்டு இடுப்புக்குப் போயின. மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்த வீடியோவில் முதலில் கேட்கிற சிரிப்பு அதுதான்.

துணி தளர்ந்தும் கழுத்துச் சுற்று விடவில்லை, மடிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து கயிறு அறுக்கிற கத்தியை எடுத்தேன். முதல் வரிசையில் சம்பந்தம் அண்ணன் எழுந்துவிட்டார். "டேய் ரத்தினம்! அறுக்காத!" அடுத்த நொடியே அவர் கண் மலரின் முகத்துக்குப் போயிருக்க வேண்டும். "அறுடா! இன்னாத்துக்குப் பாத்துகினு கீற? அறு!"

அறுத்தேன். பட்டு கிழிகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. மலர் என் தோள்மேல் விழுந்தாள். இழுத்து ஒரு மூச்சு விட்டாள். சனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நாடகம் என்றே நினைத்துவிட்டார்கள். மேடம் மட்டும் வெறுங்காலோடு கோட்டைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை. குரல் தேற ஒரு வாரம் ஆனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏழுமலை சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். யார் சொல்லியும் திரும்பவில்லை. மேடம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கற்பூரம் எரியிற நேரத்துல நீங்க என்ன செய்வீங்க ஐயா?"

கற்பூரத்தோடு வேறு ஏதோ போயிருக்கிறது என்று அதற்குள் அவரே ஊகித்துவிட்டார். விரலைக் காட்டிச் சொன்னேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்."

இதைவிடக் கேவலமான பதில் நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் தன் துப்பட்டா முனையில் இருந்த முடிச்சைத் தடவினார். அன்று காலையில் பொறுக்கிய ஊசிகள் அதில் இருந்தன. "ஆமா. கேக்கல" என்றார்.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். மலர் கழுத்தில் கட்டோடு படுத்திருந்தாள். பேசக்கூடாது என்று நர்ஸ் சொல்லியும் என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். காற்று மட்டும் வருகிற குரல். "பெரிப்பா, உங்களத்தான் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. ஏன் பெரிப்பா ஜல்தியா வரல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். புதுசா எதையோ சேர்த்திருக்காங்கன்னு நெனச்சேன் பாப்பா என்று அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எப்படிச் சொல்வது? கையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உயிரைக் காப்பாற்றினவன் என்று வெளியே நாலு பேர் என் முதுகைத் தட்டினார்கள்.

மலர் தேறி வந்து அந்த நாடகம் வேறு ஊர்களில் நடந்தது. நான் போகவில்லை. கற்பூரம் திரும்பி வரவில்லை என்று ஏழுமலை சொன்னார். ஆனால் கட்டுவதற்கு முன்னால் கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தர் எல்லார் கண்ணுக்கும் தெரிய நடந்து வந்து, பட்டம்மாவின் கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாராம். மேடம் போனில் என்னையும் கூப்பிட்டார், "வாங்க ஐயா, கோடு எல்லாம் இல்ல" என்றார். மறுபடி அந்தக் கயிற்றைத் தொட எனக்குக் கை வரவில்லை.

கலா, நீ எந்த வகையில் வேண்டுமானாலும் நாடகம் போடு. பழைய முறையிலிருந்து ஏதாவது ஒன்றை நீக்கினால், அதோடு சேர்ந்து வேறு எது போகிறது என்று அந்த வேலையைச் செய்கிறவனைக் கேள். அவன் சொல்லாவிட்டால் இரண்டாம் தடவையும் கேள். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடு, யார் நிறுத்துவார்கள், என்ன சொல்லி நிறுத்துவார்கள் என்று. தினேஷ், அந்த வீடியோவை எடுப்பதும் வைப்பதும் உன் இஷ்டம். அதற்கு முன்னால் ஒரு பாட்டு நீளம் இருந்தது என்று தெரிந்துகொண்டு வை.

ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு மறுநாள் காலையில் கப்பியைக் கழற்ற மண்டபத்துக்குப் போனேன். ஒருத்தரும் இல்லை. நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டிருந்தார்கள். ஏணியில் ஏறிக் கப்பியை இறக்கிச் சாக்குப் பையில் போட்டேன். பிறகு முந்தின நாள் நான் நின்ற இடத்திலேயே, கோட்டுக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். ஒரு மூச்சு இழுத்து வாயை மூடினேன், மூக்கை விரலால் பிடித்துக்கொண்டேன். மனசுக்குள் அந்தப் பாட்டைத் தொடங்கினேன். அதே காலத்தில், ஒரு எழுத்தும் அவசரப்படுத்தாமல். முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடியில் "ஒரு முழம்" வருவதற்குள் என் வாய் திறந்துகொண்டது.